மீதி இரண்டு முடிச்சு

தாலியின் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு முருகவேல் கையை எடுத்துக்கொண்டான். மீதி இரண்டையும் அவன் தங்கை தமயந்தி போட வேண்டும். மணப்பெண் கோமளா அவளுடைய தோழி. வீட்டில் தமயந்தி அப்படித்தான் சொல்லியிருந்தாள். விடுதியில் நான்கு வருடம் ஒரே கட்டிலில் உறங்கியதும், ஒருத்தியை ஒருத்தி விடுவதில்லை என்று அழுததும் இவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். தனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும் கோமளாதான் இந்த வழியைச் சொன்னாள். "உங்கண்ணனக் கட்டிக்கிட்டா ஒரே வீட்டுல இருக்கலாம்டி." தமயந்தியும் தலையாட்டிவிட்டாள்.

அப்பா போன பிறகு லாரி ஓட்டி அவளைப் படிக்கவைத்தவன் அண்ணன். நேற்று அவளைத் தனியே கூப்பிட்டு, "அந்தப் புள்ளைக்கு என்னை மெய்யாவே புடிச்சிருக்கா பாப்பா?" என்று வெட்கத்தோடு கேட்டான். "புடிச்சிருக்குண்ணே" என்றாள்.

கோமளாவின் பின்கழுத்து வியர்த்திருந்தது. கெட்டிமேளச் சத்தத்தில் தமயந்திக்கு மட்டும் கேட்கும்படி, "இனி நம்மள யாராலயும் பிரிக்க முடியாது" என்றாள். தமயந்தி அண்ணனைப் பார்த்தாள். அவன் கண் கலங்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு முடிச்சையும் விரல் வலிக்க இறுக்கினாள். பிறகு கோமளாவின் காதருகே குனிந்து, "எங்கண்ணனோட நல்லா இருங்க அண்ணி" என்றாள்.

கோமளா சட்டென்று திரும்பினாள்.

"முன்னால பாரும்மா, ஃபோட்டோ" என்றார் யாரோ.