பூரணியின் கொய்யா விறகு

"கேட்டு எடுக்கக் கூடாதாக்கா? இதுக்குப் பேரு களவு."

மீனம்மா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். இரண்டு கை நிறையக் கொய்யாக் கட்டைகள். பூரணியின் வாசலில், தகரத்துக்குக் கீழே காயப்போட்டிருந்த அடுக்கில் பாதியைக் காணோம்.

கொழுந்து பறிக்கப் போனால் பூரணி பகலில் தேயிலை மலையிலிருந்து இறங்கி வருவதே கிடையாது. அன்றைக்குச் சோற்றுப் பெட்டியை மறந்துவிட்டாள். எடுக்க வந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரியைக் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

"அடுப்புக்கு இல்ல புள்ள. நான் வந்து…"

"ஒண்ணும் சொல்ல வேணாம். இது கினிகத்தேனை டவுன்ல ரிஸ்வி மொதலாளி கடையில கோழி எறச்சிக்குப் புகை போடுற வெறகு. பட்டை சீவி, சாண் சாணா வெட்டி, மாசக் கணக்கா காய வைக்கிறேன். இந்தத் தடவையும் நல்லா இருந்தா வருசம் முழுக்க என்கிட்டதான் எடுப்பாரு. இனிமே இதுல கை வைக்காதீங்க."

ஒட்டி ஒட்டி இருந்த வரிசை வீடுகள்தானே, லயமே வாசலுக்கு வந்து கேட்டது. மீனம்மா தன் வீட்டுக்குள் வைத்திருந்ததையும் கொண்டுவந்து, கட்டைகளைத் திரும்ப அடுக்கிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பூரணி மலை ஏறி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பிடிக்கட்டும், விறகுக்கு மேலே தகரம் இருக்கிறதே. மற்றவர்கள் கொண்டுபோகும் விறகில் ஈரம் இருக்கும். அவளுடையதில் இரண்டு துண்டை எடுத்துத் தட்டினால் கணீரென்று கேட்கும். இரண்டு வருஷமாக ஒரு குறை கிடையாது. எல்லாம் தான் போட்ட தகரத்தின் புண்ணியம் என்று லயத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான் அவள்.

மூன்று வாரம் கழித்து, ரிஸ்வியின் கடைக்குப் பின்னால் மூட்டையை அவிழ்த்தாள்.

ரிஸ்வி இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார்த்தார். சத்தம் எழும்பவில்லை. மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"பூஞ்சணம் புடிச்சிருக்கு தங்கச்சி. இந்தப் புகைய போட்டா கோழிய வாயில வைக்க ஏலாது. எனக்கு வேணாம்."

பூரணி இன்னொரு கட்டையை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். "நான் எதையும் மாத்தல மொதலாளி. அதே கொய்யா மரம், அதே தகரம்."

"தகரம் மேல இருந்து விழுற மழையத்தானே தடுக்கும்? நம்ம பக்கத்து மழை காத்தோட சாஞ்சுல்ல அடிக்கும். நீங்க கொழுந்துக்குப் போன நேரம் மழை வந்தா, இவ்வளவு நாளும் யாரு உள்ள எடுத்து வச்சது?"

பூரணி மூட்டையின் வாயைத் திரும்பக் கட்டினாள்.

"பக்கத்து வீட்டு மீனம்மாக்கா," என்றாள். "அவங்களத்தான் மொதலாளி, லயமே கேக்க களவுன்னு சொன்னேன்."