ஸ்டிக்கர் உரிக்கும் கை

ஃபேரர் பார்க் தேவாலயத்தில் இன்று அறுப்பின் பண்டிகை. ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து நேரே வந்த தபித்தா, பீடத்தின் முன்னால் உட்கார்ந்து காணிக்கைப் பழம், காய்களின் ஸ்டிக்கர்களை உரிக்கிறாள். ஆண்டவருக்குக் கொடுக்கும் முதற்பலனில் கடை ஒட்டு தெரியக்கூடாதாம். வருஷா வருஷம் இந்த வேலை அவளுக்குத்தான். பூசணி மலேசியா. ஆப்பிள் நியூசிலாந்து. சோளம் தாய்லாந்து. நெற்கதிர் மட்டும் பிளாஸ்டிக், போன வருஷத்துத் தூசியோடு. இந்த அடுக்குமாடி ஊரில் யாருக்கு வயல் இருக்கிறது? நகக்கண் வலிக்கிறது. உரித்தவற்றைப் போட இடமில்லாமல் இடது புறங்கையிலேயே ஒட்டிக்கொள்கிறாள். வண்ணக் கண்ணாடி வழியே விழும் வெயிலில் இமைகள் தாமாக மூடுகின்றன. “நீங்க என்னம்மா கொண்டு வந்தீங்க?” தேவாலய வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சுவிசேஷமுத்து காணிக்கைப் பட்டியலோடு நிற்கிறார். “ஒண்ணும் வாங்கல லா அண்ணே. டியூட்டி முடிஞ்சி நேரா வர்றேன்.” அவர் அவள் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டுவிட்டு நகர்கிறார். மணி அடிக்கிறது. தபித்தா எழுந்துபோய்க் கடைசி வரிசையில் நிற்கிறாள். “கைகளை உயர்த்தி நன்றி சொல்லுவோம்,” என்கிறார் போதகர். கனக்கும் கைகளைத் தூக்குகிறாள். முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் புறங்கையைப் பார்க்கிறாள்: மலேசியா, நியூசிலாந்து, தாய்லாந்து. கையை அவள் இறக்கவில்லை.