கிளினிக் வாசல்

“ஜெயிலில இருக்கிறார் எண்டு ஆர் கேட்டாலும் சொல்லுவன். இந்த இடத்துக்கு வாறதைத்தான் என்னால வெளியில சொல்லேலாமல் கிடக்கு.”

மரிஸ்ரெல்லா குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனாலும் அடுத்த வாங்குப் பலகையில் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவளுடைய புருஷன் றெனால்ட், விலங்கு பூட்டிய கைகளை முழங்கால்களுக்கு நடுவில் ஒளித்துக்கொண்டான்.

அது மனநலக் கிளினிக்கின் வாசல். மன்னார் நீதிமன்றத்தில் வழக்குத் தவணை முடிந்ததும், சிறைக்குத் திரும்பிப் போகுமுன் அவனை இங்கே கூட்டிவருவார்கள். மற்றக் கைதிகளோடு ஒரு காவலர் சிறை வாகனத்தில் இருப்பார். றெனால்டோடு வருபவர் எப்போதும் காவலர் தனஞ்சயன்தான். இப்போதும் விலங்குச் சங்கிலியைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தார்.

“டிலானி கோயிலில மறைக்கல்வி வகுப்புக்குப் போறதில்லை” என்றாள் மரிஸ்ரெல்லா. “உன்ர அப்பாவுக்கு விசராம் எண்டு ஒரு பிள்ளை சொல்லிச்சுதாம். அண்டைக்கு வந்து கட்டிலுக்குக் கீழ படுத்தவள், சாப்பிடக்கூட எழும்பேல்லை.”

பேசாலையில் எல்லாருக்கும் வழக்கு தெரியும். கரையில் வலையால் வந்த சண்டை. தள்ளுமுள்ளில் ஒருவன் விழுந்து, வள்ளத்தில் தலை அடிபட்டு இறந்துபோனான். றெனால்ட் வேண்டுமென்று செய்யவில்லை என்று செத்தவனின் தமையனே சொன்னான். மரிஸ்ரெல்லா கருவாட்டு வாடிக்கு வேலைக்குப் போய்வந்தாள். யாரும் அவளைக் கண்டு ஒதுங்கவில்லை. இந்த வாசலில் அவனைக் கண்ட ஒருத்தி ஊரில் போய்ச் சொன்ன பிறகுதான் ஒதுங்கினார்கள்.

“தெரியாமல்தான் கேக்கிறன். சுகம் வந்திட்டுது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? மருந்தும் நிப்பாட்டியாச்சு எண்டீங்கள். நானும் சந்தோசத்தில கோயிலுக்கு ஓடிப்போய் மெழுகுதிரி கொளுத்தினனான். பிறகேன் இஞ்ச வாறீங்கள்?”

அவள் கேட்டதில் பிழையில்லை. சிறைக்குப் போன புதிதில் அவன் உயிரை விடப் பார்த்தான். பூட்டைத் திறந்துகொண்டு ஓடிவந்து காப்பாற்றியவர் தனஞ்சயன். மேலதிகாரியோடு வாதாடி, முதல் தடவை இங்கே கூட்டிவந்தவரும் அவரேதான். டொக்டர் ஹுஸ்னியாவின் மருந்தும் பேச்சும் அவனை மெல்ல மெல்ல மனிதனாக்கின. பசி திரும்பியது. பிள்ளையின் முகத்தை நினைத்தால் அழாமல் இருக்கவும் முடிந்தது.

“திரும்பவும் வந்திட்டுது” என்றான் றெனால்ட், நிலத்தைப் பார்த்தபடி.

“பொய்! நீங்கள் பொய் சொன்னால் காது சிவக்கும். எனக்குத் தெரியாதே?” அவள் காவலரிடம் திரும்பினாள். “சேர், நீங்களாவது சொல்லுங்கோ. சுகமான மனுசனை ஏன் இஞ்ச இழுத்துக்கொண்டு வாறீங்கள்? எங்களுக்கு ஒரு பொம்பிளைப்பிள்ளை இருக்கு, சேர்.”

தனஞ்சயனின் முகம் கறுத்தது. “தங்கச்சி…” என்று தொடங்கினார். தொண்டையைச் செருமினார்.

“சேரைக் கேளாதை!”

றெனால்ட் போட்ட சத்தத்தில் வாசலில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். அவன் குரலைத் தணித்தான். “நோய் எனக்கு. நான்தான் கேட்டு வாறன். விசர் எண்டு ஊர் சொன்னால் சொல்லிப்போட்டுப் போகட்டும்.”

மரிஸ்ரெல்லா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்கள் நிரம்பின. கொண்டுவந்த சோற்றுப் பார்சலை அவன் மடியில் வைத்தாள்.

“இனி ஜெயிலுக்கே வந்து பாக்கிறன். எவ்வளவு தூரமெண்டாலும் பரவாயில்லை. இந்த வாசலில வந்து நிக்க என்னால ஏலாது.”

பெரிய கேற் பக்கம் சனம் நின்றது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, பின்பக்கத்தால் சுற்றிப் போனாள். ஒரு வார்த்தை சொன்னால் திரும்பி ஓடிவருவாள் என்று றெனால்டுக்குத் தெரியும். அந்த வார்த்தை வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

“மன்னிச்சுக்கொள் றெனால்ட்” என்றார் தனஞ்சயன், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

“விடுங்கோ சேர். வீட்டை போய் ஆறுதலா யோசிப்பாள்.”

கதவு திறந்தது. “அந்தோனி றெனால்ட்!” என்று தாதி உரத்துக் கூப்பிட்டாள். சங்கிலியோடு எழும்பியவனை எல்லாரும் பார்த்தார்கள். ஒரு தாய் தன் பிள்ளையை அருகில் இழுத்து அணைத்துக்கொண்டாள். றெனால்டின் காதுகள் எரிந்தன. செத்தவனின் வீட்டாருக்கு முன்னால் கூண்டில் நின்ற அன்றும் அவன் இப்படிக் கூனிக்குறுகியதில்லை.

உள்ளே போனதும் தனஞ்சயன் விலங்கைக் கழற்றினார். தாதி வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

றெனால்ட் ஜன்னலோரம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நோயாளியின் கதிரையில், தொப்பியைக் கழற்றிவிட்டுத் தனஞ்சயன் அமர்ந்தார்.

“இண்டைக்கும் உங்கட பேரில வரேல்லையே, தனஞ்சயன்?” என்றார் டொக்டர் ஹுஸ்னியா மெதுவாக. “ஜெயிலில உங்களால காப்பாத்தேலாமல் போன அந்த மற்றப் பெடியன் இன்னும் கனவில வாறானோ?”

சீருடைக்காரர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, “ஓம்” என்றார்.