தாய்வழிச் சீதனம்

பேரனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரித்தான் தெரியும் என்று டொக்டர் சொன்னதும், பாலாம்பிகை முந்திக்கொண்டு கேட்டார்.

“இது ஆர் பக்கத்தால வந்தது, டொக்டர்?”

“மகனுக்கு இது தாயிட்டயிருந்துதான் வரும்.”

குட்மேய்ஸில் இருக்கும் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஃபோன் கார்டைச் சுரண்டி, கனடாவிலிருக்கும் தங்கைக்கு ஃபோன் எடுத்தார்.

“எங்கட ஆக்களில இப்பிடி ஒருத்தருமில்லை. எல்லாம் மருமகளின்ர பக்கம். தாய் குடுக்காமல் மகனுக்கு வராதாம்!”

மருமகள் கஜந்தினி குனிந்து பேரனின் சப்பாத்தைக் கழற்றினாள்.

கடைக்குப் போயிருந்த மகன் யோகேஸ்வரன் உள்ளே வந்து பையை நீட்டினான்.

“அம்மா, நீங்கள் கேட்ட தக்காளிப்பழம். நல்ல சிவப்பாப் பாத்து எடுத்தனான்.”

பையில் இருந்ததெல்லாம் பச்சைக் காய்.

கஜந்தினி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

“மாமி, ஃபோனை வைச்சிடாதேங்கோ. டொக்டர் சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்கோவன்.”