உஸ்தாது யாரு?

"உஸ்தாது இல்லாம வர்ற அறிவு அறிவே இல்லைம்மா. இதுக்கு ஓதிக்கொடுத்தது யாரு?"

கார்ட்டியர்வில் ஊர்ப் பள்ளிவாசலில், ஷபானா நீட்டிய கைபேசியை முறைத்தார் பஷீர் ஆலிம்சா. மார்க்கக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஏஐ, அவளுடைய ஒரு வருட உழைப்பு. ஆலிம்சா தலையசைத்தால் ஜமாஅத் மக்களின் கைக்குப் போகும், இல்லையென்றால் குப்பைக்கு.

"அப்புறம் சொல்றேன் ஆலிம்சா. முதல்ல கேளுங்க."

நோன்பு, ஜகாத், மேப்பிள் பாகில் விழுந்த எறும்பு என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் ஆதாரத்தோடு பதில் வந்தது. எரிச்சலில் கடைசியாக மடக்கினார்.

"ரோபோ இமாமா நின்னா பின்னால தொழலாமா?"

கைபேசி கனைத்துக்கொண்டது. "தெரியாதுங்க. கிதாபைப் பார்த்துட்டு வெள்ளிக்கிழமை சொல்றேன்."

பக்கத்தில் நின்ற பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர் யாசின் விழுந்து விழுந்து சிரித்தார். "மெஷினுக்கு எதுக்குங்க வெள்ளிக்கிழமை?"

ஆலிம்சா சிரிக்கவில்லை. "தெரியாதுன்னு சொல்றதுக்குப் பெரிய ஆலிம்களுக்கே வாய் வராது. சொல்லும்மா, யாரு அந்த உஸ்தாது? கையைப் பிடிச்சு ஸலாம் சொல்லணும்."

"நீங்கதான் ஆலிம்சா. உங்க இருபது வருஷக் கேள்வி-பதில் ஒலிப்பதிவுகளைக் கொடுத்துத்தான் பழக்கினேன். அந்தக் கனைப்பும் உங்களுதுதான்."

ஆலிம்சா தொப்பியை நேராக்கிக்கொண்டார். கனைத்தார்.

"யாசின், அந்த ரோபோ விஷயம்... நானும் என் மாணவரும் கலந்து பேசி வெள்ளிக்கிழமை சொல்றோம்."