லேட்டா வந்தா நட்சத்திரம் கிடையாது

"இந்தப் பிஞ்சுபோன ஷூவையா மேடம் கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறீங்க? மெடல்தான் இத்தனை இருக்கே."

கேட்டுக்கொண்டே மனைவி பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். ஓடி ஓடித் தேய்ந்த ஷூ, ஏழு பதக்கங்கள், அட்டை மடங்கிய ஒரு பள்ளிக்கூட நோட்டு. மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவின் வராந்தாவில், அங்கே ஆராய்ச்சி செய்த அவள் கணவன் நினைவாக ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கிறார்கள். சாலை விபத்தில் அவன் போய் நேற்றோடு ஒரு வருஷம். போகும்போது வயது முப்பத்து நான்கு.

"ரெண்டும் இருக்கட்டும்மா. ஷூவைப் பார்த்தாத்தான் குதிரை ஞாபகம் வருது" என்றார் பிரிவின் தலைவி.

குதிரை என்றுதான் அங்கே எல்லோரும் அவனைக் கூப்பிட்டார்கள். நான்காவது மாடிக்கு அவன் லிஃப்டில் ஏறி யாரும் பார்த்ததில்லை. மாலை ஆறு அடித்துவிட்டால், நுண்ணோக்கியில் உலகமே தெரிந்தாலும் அப்படியே விட்டுவிட்டு, மகளைக் குளிப்பாட்ட வீட்டுக்குக் கிளம்பிவிடுவான். 'பாப்பா காத்துக்கிட்டு இருக்கும் மேடம்' என்பான். அதற்கு மேல் அவனிடம் பேச முடியாது.

"இந்த நோட்டு எதுக்கு?"

"எங்க வீட்டு டீச்சரம்மா குடுத்தனுப்பினது. அப்பா பெட்டியில இதுவும் இருக்கணுமாம். வைக்காமப் போனா நான் வீட்டுக்குள்ள நுழைய முடியாது."

கதவோரம் உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் சிரித்தார். "பாப்பா ரொம்பக் கண்டிப்பு. ஒரு நாள் மைதானத்துக்கு ரெண்டு நிமிஷம் லேட்டு. எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன், நட்சத்திரம் ஒட்டலியே."

கை நடுக்க நோய் வந்து பஸ் ஓட்டுவதையே விட்டவர் அவர். இப்போது விளிம்புவரை ஊற்றிய காபியை ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்துக்கொண்டிருந்தார். அந்த நடுக்கத்துக்கு அவன் கண்டுபிடித்த மாத்திரையின் பரிசோதனைக்கு வந்த நாற்பது பேரில் அவர் ஒன்பதாம் நம்பர்.

நாற்பதில் இருபது பேருக்கு நிஜ மாத்திரை. மற்ற இருபது பேருக்கு அச்சு அசல் அதேபோல ஒரு சர்க்கரை மாத்திரை. யாருக்கு எது என்று அவனுக்கே தெரியாது, தலைவிக்கும் தெரியாது. அந்தப் பட்டியல் இரண்டு வருஷமாக ஒட்டிய உறைக்குள் இருந்தது. இன்று அதைப் பிரிக்கும் நாள்.

"பிரிங்க மேடம். அவர் மாத்திரை ஜெயிச்சிருக்கும்" என்றாள் மனைவி. "சந்தேகமே வேண்டாம்."

"எனக்கும் நம்பிக்கைதான். ஆனா ஒண்ணு, என் பேச்சை அவன் கேட்டதே இல்ல. நோயாளிங்களைக் காலையில மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போகாதே, ஆராய்ச்சி கெட்டுப்போகும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். 'நான் எப்படியும் ஓடத்தானே போறேன், வர்றவங்க வரட்டும்'னுட்டான்."

"எனக்கு அச்சகத்துல காலை ஷிஃப்ட்டு. பாப்பாவையும் அவரேதான் கூட்டிட்டுப் போவார். அது சும்மா உக்காருமா? ஸ்கூல் மாதிரியே அட்டெண்டன்ஸ் எடுக்க ஆரம்பிச்சிடுச்சு."

"இன்னமும் எடுக்குது" என்றார் டிரைவர். "டாக்டர் தம்பி போனப்புறமும் நாங்க நிறுத்தல. நிறுத்தினா பாப்பாவுக்கு யார் பதில் சொல்றது? ஆனா மேடம், என்னைக் காப்பாத்தினது அந்த மாத்திரைதான். சர்க்கரையா இருந்தா நாக்குக்குத் தெரியாதா?"

தலைவி உறையைக் கிழித்தார். குணமானவர்களின் பட்டியல் அவர் கையில் ஏற்கெனவே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டு போனார். பாதியிலேயே அவர் முகம் மாறிவிட்டது.

"ஒன்பதாம் நம்பர். உங்களுக்குக் குடுத்தது சர்க்கரைங்க."

டிரைவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"குணமானவங்க பதினாறு பேர். அதுல எட்டுப் பேருக்கு நிஜ மாத்திரை, எட்டுப் பேருக்குச் சர்க்கரை. ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல." தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "மாத்திரை தோத்துப் போச்சும்மா."

ஒரு வருஷமாக மனைவி நிமிர்ந்து நடந்ததே இந்த மாத்திரையை நம்பித்தான். அவனுடைய மூன்று வருஷ உழைப்பு ஒன்றுமில்லாமல் போனதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நோட்டை எடுத்துப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"எங்கேயோ தப்பு நடந்திருக்கும். இன்னொரு தடவை பார்க்கிறேன்" என்று தலைவி குணமானவர்களின் எண்களை முதலிலிருந்து வாய்விட்டுப் படித்தார். "மூணு, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு..."

மனைவியின் கை ஒரு பக்கத்தில் நின்றது.

"இருங்க மேடம். மீதியை நான் சொல்றேன்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்? இந்தப் பட்டியலை நான் யாருக்குமே காட்டலியே."

"நீங்க டிக் பண்ணிக்கிட்டே வாங்க." "பதினாலு, பதினெட்டு, இருபத்தொண்ணு, இருபத்திரண்டு..."

பன்னிரண்டு எண்களைச் சொல்லி நிறுத்தினாள். தலைவியின் தாளில் டிக் விழாத எண் ஒன்றுகூட மிச்சமில்லை.

மனைவி நோட்டைத் தலைவி பக்கம் திருப்பி வைத்தாள். நோயாளிகளின் பெயரை வெளியே சொல்லக் கூடாது, நம்பர்தான் சொல்ல வேண்டும் என்று அப்பா சொல்லிக் கொடுத்ததை அப்படியே கேட்டு நடந்த மகள், கடைசிப் பக்கத்தில் கோணல் எழுத்தில், 'லீவே போடாம ஓட வந்தவங்க' என்று தலைப்பிட்டு, பதினாறு எண்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டியிருந்தாள்.