கைகாட்டி

“உன் தம்பிகிட்ட அப்படி என்ன குசுகுசுன்னு பேச்சு?”

ஜீப்பின் டயரை எட்டி உதைத்துப் பார்த்தபடியே கேட்டார் பூட்டண்ணன். வீட்டைப் பூட்டியதும் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார். அதனால் வந்த பெயர் அது.

“ஒண்ணுமில்லீங்க. சாப்பிட்டியான்னு கேட்டேன்” என்றாள் மனைவி.

சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு வாயைப் பொத்திக்கொண்டு கேட்பானேன்? பூட்டண்ணன் மனதுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

மலையுச்சியில் இருக்கும் விடுதிக்கு, கல்லும் முள்ளுமான பாதையில் விருந்தாளிகளை ஏற்றிப்போக ஒரே ஒரு ஜீப் தேவைப்பட்டது. போட்டிக்கு நின்றதோ இரண்டு. ஒன்று பூட்டண்ணனுடையது, மற்றது அவர் மச்சினனுடையது. மச்சினனுக்கு ஊருக்குள்ளேயே சவாரி உண்டு. பூட்டண்ணனின் ஜீப் மழைக்காலம் முழுக்க வாசலில் சும்மாவே கிடந்தது. இந்த வேலையும் கைநழுவினால் அதை விற்றுவிட்டு, அடுத்தவன் லாரிக்கு ஸ்டீயரிங் பிடிக்க வேண்டியதுதான்.

விடுதி மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஓட்டுகிறவர்கள் முன்கூட்டியே பாதையைப் பார்க்கக் கூடாது. கூட ஒரு ஆளை அழைத்து வரலாம். அந்த ஆள் பாதையைப் பார்த்துவிட்டு, வண்டிக்கு முன்னால் நின்று கைகாட்ட வேண்டும். செங்குத்து ஏற்றத்தில் ஜீப்பின் மூக்கு வானத்தைப் பார்க்கும். ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தரை தெரியாது. முன்னால் நிற்பவர் எந்தப் பக்கம் காட்டுகிறாரோ அந்தப் பக்கம்தான் ஒடிக்க வேண்டும்.

ஊரில் பூட்டண்ணன் சந்தேகப்படாத ஆள் ஒருவரும் மிச்சமில்லை. ஆகவே மனைவியை விட்டால் அவருக்கு வேறு நாதியில்லை.

அவளுக்கு வேலை தெரியாது என்பதில்லை. அவள் ஜீப் பட்டறைக்காரர் மகள். ஸ்பேனரை வைத்துச் சொப்பு விளையாடியவள். பயமே அதுதான். எல்லாம் தெரிந்தவள், போட்டி என்று வந்த நாளிலிருந்து ஒன்றுக்கும் உதவாத யோசனையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டன் பெருத்த மலை டயர் தண்டம் என்றாள். தம்பி வண்டியில் இருப்பது சாதா டயர், அதனால்தான் இப்படிச் சொல்கிறாள் என்று மறுநாளே மலை டயர் மாட்டினார் பூட்டண்ணன். ஸ்பிரிங்கை உயர்த்தினால் வண்டி ஆடும் என்றாள். தம்பி வண்டியைவிட என் வண்டி உயரக் கூடாதாக்கும் என்று நான்கு விரற்கடை உயர்த்தினார்.

“டயர்ல காத்தை மட்டும் இறக்கிடாதீங்க. கிண்ணுன்னு இருந்தாத்தான் ஏறும்” என்றாள் இப்போதும்.

அவள் முதுகு திரும்பியதும், நாலு டயரிலும் புஸ்ஸென்று கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டார். ‘தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க?’

மேனேஜர் விசில் ஊத, முதலில் ஏறியது பூட்டண்ணனின் ஜீப். பாதி ஏற்றத்தில் நடுவழியை அடைத்துக்கொண்டு ஒரு பாறை. அதன் பக்கத்தில் நின்று மனைவி இரண்டு கைகளையும் வீசினாள்.

“இடது! இடது! என்னை நம்பி ஒடிங்க!”

கண்ணாடியில் பார்த்தார். கீழே மச்சினன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான்.

‘ஆகா, அக்காளும் தம்பியும் சேர்ந்து பின்னின வலையா?’

பூட்டண்ணன் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். “ஐயோ, அங்க இல்லீங்க!” என்று அவள் அலறியதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மெத்தென்றிருந்த டயர்கள் கல்லைக் கவ்விப் பிடித்தன. உயர்த்திய வண்டி அடிவயிறு தட்டாமல் மேலே போய் நின்றது.

அடுத்து வந்த மச்சினன் அதே தடத்தில்தான் ஏறினான். சாதா டயர் வழுக்கியது, வண்டியின் வயிறு கல்லில் மோதியது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு சறுக்கிக் கீழே போய்ச் சேர்ந்தான்.

“நாளையிலேர்ந்து வந்துடுங்க” என்று கைகுலுக்கினார் மேனேஜர்.

வேறு ஆளாயிருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். பூட்டண்ணன் நேராகப் பாறைக்கு இறங்கி வந்து, மனைவி காட்டிய இடப்பக்கத்துப் புல்லில் ஒரு கழியைக் குத்தினார். கழி முழுசாக உள்ளே போயிற்று. புல் மூடிய பள்ளம்!

“உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியேடி! இங்க பள்ளம் இருக்கறது உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும். காலையில நானும் இதே மாதிரி குத்திப் பாத்தேன்.”

“அப்போ வேணும்னேதான் கைகாட்டினியா?”

“ஆமா. மலை டயர் வேணாம்னது, ஸ்பிரிங்கை உயர்த்தாதீங்கன்னது, காத்தை இறக்காதீங்கன்னது எல்லாமே வேணும்னேதான்.”

பூட்டண்ணன் கழியை உருவிக் கீழே போட்டார்.

“அப்ப... தம்பிகிட்ட குசுகுசுன்னு பேசினது?”

“சாப்பிட்டியான்னுதான் கேட்டேன். நீங்க பாக்கறீங்கன்னு தெரிஞ்சு வாயைப் பொத்திக்கிட்டுக் கேட்டேன்.”

விஷயம் மெல்ல மெல்ல உறைத்தது. பள்ளத்தை ஒரு முறை, மேலே நின்ற ஜீப்பை ஒரு முறை பார்த்தார்.

“அடிப்பாவி, ஒருவேளை நான் உன்னை நம்பி இடப்பக்கம் ஒடிச்சிருந்தா?”

அவள் கண்ணோரத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“கல்யாணமான நாள்லேர்ந்து நடக்காதது, இன்னிக்கா நடந்துடப் போவுது?”